கொடுக்கு போட்ட கட்டங்கள்

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

முன்பெல்லாம் போன் செய்தால் நீ எடுக்காவிட்டாலும் மணியாவது அடிக்கும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதுவும் இல்லை. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினேன். "சார், உங்கள பிளாக் பண்ணிட்டாங்க" என்று சொல்லி, யார் என்று கேட்காமலேயே கண்ணைச் சிமிட்டினார். கூடப்பிறந்தவள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் தாளும் உறையும் வாங்கி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு வாரமாகப் பத்திரிகையில் என் குறுக்கெழுத்துக்குக் கீழே விடை மட்டும்தான் வருகிறது. உன் விளக்கம் வரவேண்டிய இடத்தில் மெத்தை விளம்பரம் போடுகிறார்கள். பக்கப் பொறுப்பாசிரியரைக் கேட்டேன். "உங்க அக்காதான் அனுப்பல. உடம்பு சரியில்லையான்னு கேட்டேன். உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லி போனை வெச்சுட்டாங்க" என்றார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் வேறு என்ன? 'கொடுக்கு' என்ற பெயரில் நான் கட்டம் போட்டால் ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துவிடுவார்கள் என்பது உனக்கே தெரியும். மறுநாள் உன் விளக்கத்தைப் படித்த பிறகுதான் "அட, இதுதானா" என்பார்கள். உன்னிடம் நான் முன்கூட்டி ஒரு விடையும் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. அங்கே ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் தேநீர் நேரத்தில் உட்கார்ந்து நீயாகப் போடுவாய், நீயாக அவிழ்ப்பாய். நான் முடிச்சு, நீ விரல். இப்போது விரலைக் காணோம்.

கடைசியாக நீ விளக்கியது அந்த வியாழக்கிழமைப் புதிர். "மடிக்குள் லட்சியம் தொடங்கியும் பிள்ளை பெறாதவள் (3)." அது நான் சமீபத்தில் எழுதியதிலேயே நல்ல தடயம் என்று எனக்கே தெரியும். நீயும் "ஒரு சொல்கூட வீணில்லை, கச்சிதம்" என்று எழுதினாய். வாசகர்கள் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதிய கை மறுநாளே ஏன் மடங்கிப் போனது?

வீட்டில் ஒன்றும் விசேஷமில்லை. அவள் தரப்பு வக்கீல் மறுபடியும் ஆள் அனுப்பியிருந்தார். இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்ற மனுவில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவளுக்கு மனம் ஒத்தால் எனக்கென்ன, ஒவ்வாவிட்டால் எனக்கென்ன. அலையட்டும்.

எந்த டப்பாவில் சர்க்கரை, எதில் உப்பு என்று தெரியாமல் நேற்று காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்தேன். சிரிப்பாய் என்று எழுதுகிறேன். சிரித்துவிட்டுப் பதில் போடு.

உன் தம்பி

---

மார்ச் 14

தம்பிக்கு,

'அன்புள்ள' போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். சளி, மலம், சிறுநீர், சீழ். காலையில் எட்டு மணிக்கெல்லாம் மேஜையில் வரிசையாக நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் முதல் வாரம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எனக்கு அதெல்லாம் விட்டுப்போய் எத்தனையோ காலமாகிறது. அருவருப்பு என்ற ஒன்று எனக்குள் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. இருக்கிறது. போனதற்கு முந்தின சனிக்கிழமை தெரிந்துகொண்டேன்.

உன் மனைவி வந்திருந்தாள். லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறி, இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். பத்திரிகையிலிருந்து வெட்டியது. பின்பக்கம் பசை காய்ந்து, ஒரு மூலை கிழிந்திருந்தது.

"இது என்னம்மா?" என்றேன்.

"நீங்க எழுதினதுதான் அக்கா. எங்க கடைல, கஸ்டமர் ஃபிரேம் போட்டுப் பாக்கற கண்ணாடில ஒட்டி வெச்சிருந்தாங்க. நான் கிழிச்சு எடுத்தேன். மறுநாள் இன்னொண்ணு ஒட்டினாங்க."

அவள் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு உன் பத்திரிகைதான் வருகிறது. முதலாளி தினமும் உன் கட்டத்தோடு மல்லுக்கட்டுகிறவர். இது உனக்குத் தெரியாது என்று சொல்லாதே.

விளக்கம் வரவில்லை என்று ஏங்கினாயே, இதோ எழுதுகிறேன். அந்த வாரத்துத் திங்கட்கிழமைக் கட்டம்.

"விலைக்குள் கடல் முடிவு, கண்ணுக்கு முன் நிற்கும் (3)." விலை என்பதன் நடுவே கடலின் கடைசி எழுத்து 'ல்'. வில்லை, அதாவது லென்ஸ். அவள் நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

"வாயால் செய்வது, தோலில் வெள்ளையாகவும் வரும் (3)." இரண்டு பொருள், ஒரு சொல். திட்டு. அவள் மணிக்கட்டில் போன வருஷம் வெளுக்கத் தொடங்கிய இடம். கடையில் யாருக்கும் தெரியாமல் கையை மூடிக்கொண்டு போகிறாள்.

"தம்பியின் தலையை எடுத்துத் துன்பம் தொடங்கிவைத்துப் பறந்தவள் (3)." தம்பியில் 'த' போய், துன்பத்தின் 'து' வந்தால் தும்பி. இதை விளக்கும்போது, தும்பிக்குப் 'பறந்தது' என்றுதான் வரவேண்டும், கொடுக்கு அவசரத்தில் பறந்தவள் என்று எழுதிவிட்டார் என்று நான் வேறு கிண்டல் செய்திருந்தேன். நீ அவசரப்படவில்லை. அவளை நீ வீட்டில் தும்பி என்று கூப்பிடுவாய் என்பதே எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் தெரியவந்தது. ஆனால் அந்தக் கடைக்குத் தெரியும். கடைப் போனுக்குக் கூப்பிட்டு "தும்பி இருக்கா?" என்று கேட்டவன் நீ.

மூன்றும் ஒரே கட்டத்தில் வந்தன. வியாழக்கிழமை நான்காவது வந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே, "ஏம்மா, கொடுக்கு உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டாராம். கூட வேலை செய்கிற ஒருத்தி, "கைய மடக்கிக் காட்டேன், திட்டு எங்க இருக்குன்னு பாக்கலாம்" என்றாளாம்.

உன் மனைவி என்னை ஒரு குறையும் சொல்லவில்லை. போகும்போது இது மட்டும் சொன்னாள். "புதிரைப் பாத்து அவங்களுக்கு ஒண்ணும் புரியல அக்கா. நீங்க எழுதினப்புறம்தான் புரிஞ்சுது."

அன்றைக்கு நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா

---

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கடையில் நாலு பேர் பேசினார்கள் என்பதற்காக நீ எனக்குத் தண்டனை கொடுக்கிறாய்.

வில்லை, திட்டு, தும்பி. இந்த மூன்றும் அகராதியில் இல்லையா? நான் உண்டாக்கிய சொற்களா? கட்டம் போடுகிறவனுக்கு எங்கே எந்தச் சொல் விழும் என்பதை எழுத்துகள்தான் தீர்மானிக்கும். 'தி' வந்தால் அதற்குக் கீழே எது உட்காருமோ அதைத்தான் உட்கார வைக்க முடியும். உலகத்தில் வெள்ளைத் திட்டு அவள் ஒருத்திக்குத்தானா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். வீட்டை விட்டுப் போன நெஞ்சு எதைப் பார்த்தாலும் குறுகுறுக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்தேன். நீ நம்பமாட்டாய்.

சரி. அவளை நினைத்துத்தான் போட்டேன். வக்கீலின் ஆள் ஆபீசுக்கே வந்து, லிஃப்ட் பக்கத்தில் எல்லார் முன்னாலும் உறையை நீட்டிய அன்று போட்டேன். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மற்றவன் என்றால் குடித்துவிட்டு அவள் கடை வாசலில் நின்று கத்தியிருப்பான். கையை ஓங்கியிருப்பான். நான் மூன்று எழுத்தில் முடித்துக்கொண்டேன். அதிலும் யாருக்கும் புரியாதபடி சுற்றி வளைத்து. கோபத்தை இவ்வளவு நாகரிகமாகக் காட்டியவன் நம் குடும்பத்திலேயே கிடையாது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அவளே சொன்னாளே, நீ எழுதிய பிறகுதான் புரிந்தது என்று. நீ விளக்காமல் விட்டிருந்தால் அது என் வயிற்றெரிச்சலாக என்னோடேயே போயிருக்கும். கண்ணாடியில் ஒட்டியது என் புதிரையா, உன் விளக்கத்தையா? 'மலடி' என்ற சொல்லுக்குக் 'கச்சிதம்' என்று சான்றிதழ் கொடுத்தது யார்? பழி என்று வந்தால் பாதி உன் இலையிலும் விழும்.

பொறுப்பாசிரியர் வேறு ஆளைத் தேடுவேன் என்கிறார். கொஞ்சம் யோசி. நம் இரண்டு பேருக்கும் இருக்கிற ஒரே நல்ல பழக்கம் இது.

உன் தம்பி

---

மார்ச் 27

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவினேன். வேலையில் பழகிய கை; சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

பாதிப் பழி என் இலையில் என்கிறாய். நீ பரிமாறாவிட்டாலும் நான் எடுத்துப் போட்டுக்கொண்டாயிற்று. அந்தச் சொல்லைக் கட்டத்தில் எழுதும்போதே, இது காலையில் வீடு வீடாகப் போகிற காகிதத்தில் வர வேண்டிய சொல்லா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டேன். கட்டுமானம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. கெட்டுப்போனதை வெள்ளித் தட்டில் வைத்தால் முகர்ந்து பார்க்காமல் விழுங்குகிறவள் நான் என்று தெரிந்துகொண்டேன். அதை நினைத்தால் உன்னைவிட என் மேல்தான் அதிகம் அருவருப்பு வருகிறது.

ஆனால் அது உன்னைக் காப்பாற்றாது.

அந்தச் சொல்லை நீ அவளை நினைத்து எழுதியிருப்பாய் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை தெரியுமா? உனக்கு உண்மை தெரியும் என்பதால்தான். இத்தனை வருஷமாக நாம் மூன்று பேரும் வாய் திறக்காத விஷயத்தை இப்போது எழுதவேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

உங்கள் ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று பரிசோதனைக்கு என் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாய். உன் மாதிரியை நான் பார்க்கவில்லை, கூட வேலை செய்பவர் பார்த்தார். முடிவை வாங்கிக்கொண்டு வந்து மாடிப்படிக்குக் கீழே நின்று உங்கள் இருவருக்கும் நான்தான் எடுத்துச் சொன்னேன். அவளிடம் ஒரு குறையும் இல்லை. உன்னிடம்தான் என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாய். அப்போது அவள் என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னது உன் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா. கேட்டா எனக்குத்தான் குறைன்னு சொல்லிக்கறேன். அவரு தாங்கமாட்டாரு."

சொன்னபடியே செய்தாள். நம் அத்தை முதல் உன் மேலதிகாரியின் மனைவி வரை அவள் முகத்துக்கு நேராகக் கேட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றாள். இப்போதும் பார். கண்ணாடியில் அந்தக் காகிதத்தை ஒட்டி வைத்துச் சிரித்த ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கடை முழுக்க வாயடைத்துப் போயிருக்கும். சொல்லவில்லை. உன்னை விட்டுப் போன பிறகும் உன் மானத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறாள். அவளுக்குத்தான் அந்தப் பெயர் வைத்து, எண்ணிக்கை போட்டு அச்சிடக் கொடுத்தாய். இதற்கு நாகரிகம் என்று பெயர் வேறு.

புண்ணில் சீழைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அது உடம்பு செய்கிற வேலை. நீ செய்தது யோசித்துச் செய்தது, எழுதி அழித்துத் திருத்திச் செய்தது.

பொறுப்பாசிரியரைக் கூப்பிட்டு, அந்தச் சொல்லைப் போட்டதற்கும் பாராட்டியதற்கும் வருத்தம் தெரிவித்து இரண்டு வரி வெளியிடுங்கள் என்றேன். "ஒரு சொல்தானே மேடம். அதுக்கு நல்ல வரவேற்பு" என்றார். அப்படியானால் இனி என் பெயரைப் போடவேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். உன் குடும்ப விவகாரம் எதையும் அவரிடம் சொல்லவில்லை. அவளே சொல்லாதபோது நான் யார்?

அக்கா

---

ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

கிழித்துவிட்டேன்.

அவள் அன்று சொன்னது என் காதில் விழவில்லை. நீயே அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். போகப்போக அது என் நினைவிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஊரெல்லாம் அவளைச் சொல்லச் சொல்ல, எனக்கே அது அவள் குறைதான் என்று ஆகிப்போனது. நம்பவே ஆரம்பித்திருந்தேன். இதற்குமேல் எழுத வரவில்லை. எனக்கு வருகிற மொழியில் எழுதியிருக்கிறேன்.

இத்துடன் ஒரு கட்டம் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியாகும். நடுவில் மேலிருந்து கீழாக வருகிற நீண்ட சொல் 'மன்னிப்பு'. அதைச் சுற்றி எல்லாமே அவளுக்காகத்தான். இந்தத் தடயத்தை மட்டும் பார். "திருத்தத்தின் தலை போய் வலி தொடங்கினால் மனத்தில் மிஞ்சுவது (5)." திருத்தத்தில் 'தி' போய் வலியின் 'வ' வந்தால் வருத்தம். இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன்.

இந்த ஒரு தடவை மட்டும் நீ விளக்கம் எழுதிக் கொடு. எந்தக் கண்ணாடியில் அதை ஒட்டினார்களோ அதே கண்ணாடியில் இதையும் ஒட்டட்டும்.

உன் தம்பி

---

ஏப்ரல் 11

தம்பிக்கு,

கட்டத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு எழுத்துக்கூட நிரப்பவில்லை.

முன்பு உன் தலையை எடுத்தாய், இப்போது திருத்தத்தின் தலையை எடுத்திருக்கிறாய். திருந்துவதற்கும் உனக்குத் தந்திரம் வேண்டியிருக்கிறது. தவறு செய்தவன் நீ. அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மூளையைக் கசக்கி, உன் வருத்தம் எந்தக் கட்டத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டுமா? கண்டுபிடித்தால் உன் சாமர்த்தியத்தை மெச்ச வேண்டுமா? கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குப் புத்தி போதாது என்று நீ வைத்துக்கொள்வாய். இரண்டு நாள் உட்கார்ந்து செய்தாய் என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரியில்தான் நான் கடிதத்தைக் கீழே வைத்தேன். அழகாக வந்திருக்கிறது என்று உனக்குள் ஒரு சந்தோஷம். மன்னிப்புக் கேட்கும்போதுகூடக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாய்.

இது ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தால் கடையில் மறுபடியும் சிரிப்பார்கள். "பாரு, உன் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேக்கறாரு" என்பார்கள். அவளை நிம்மதியாக வேலை செய்ய விடமாட்டாயா? பத்திரிகையிடமிருந்து அதைத் திரும்ப வாங்கு. இன்றைக்கே வாங்கு.

உனக்கு வாய் இருக்கிறது. சின்ன வயதில் உன்னைப் பேச வைக்க யாரும் பாடுபட்டதில்லை, நிறுத்தத்தான் பாடுபட்டார்கள்.

அக்கா

---

மே 2

அக்காவுக்கு,

கட்டத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். அதோடு இனி கட்டமே அனுப்பமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். பொறுப்பாசிரியர் காரணம் கேட்டார், சொல்லவில்லை. இருந்தாலும் நேரில் போக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இரண்டு தடவை கடைக்கு எதிரே இருக்கிற செருப்புக் கடை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஒரு தடவை வெறுங்கையோடு நிற்கக் கூச்சப்பட்டு, வேண்டாத செருப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உள்ளே போனேன். முன்னால் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் முதலாளி. ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு. அதற்கு உள்ளே அவள் குனிந்து வில்லை தேய்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தில் நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஆளுயரக் கண்ணாடியில் பசைத் தடம் இன்னும் இருக்கிறது. யாரோ நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள்.

முதலாளி, "பவர் செக் பண்ணணுமா சார்?" என்றார். நான் இன்னார் என்று சொன்னேன். அவர் முகம் மாறும், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா கொடுக்கு? நான் சந்தேகப்பட்டேன், சரியாப் போச்சு. உங்க ரசிகன் சார் நான்."

கையை விடவில்லை. உள்ளே இருந்த வாடிக்கையாளரிடமும் வேலை செய்கிற பெண்ணிடமும் என்னை அறிமுகப்படுத்தினார். பிறகு, "என்னமா எழுதறீங்க சார். மடிக்குள் லட்சியம் தொடங்கியும்" என்று அந்தத் தடயத்தை முழுவதும் ராகம் போட்டுச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தடுப்பைப் பார்த்துத் தலையை அசைத்து என்னிடம் கண்ணடித்தார். சிரித்தார். அவர் பல்லிடுக்கில் பாக்குத் துணுக்கு ஒன்று இருந்தது.

அக்கா, நீ எழுதியதையெல்லாம் படித்தபோது எனக்கு வலித்தது. ஆனால் எங்கேயோ ஓர் ஓரத்தில் நீ கொஞ்சம் அதிகமாகப் போகிறாய் என்றும் தோன்றிக்கொண்டிருந்தது. அந்த ஆள் கண்ணடித்தபோது அதுவும் போயிற்று. அவர் எனக்காகச் சிரித்தார். அவர் சிரிக்க வேண்டும் என்றுதான் நான் எழுதியிருந்தேன். அவர் கை ஈரமாக இருந்தது. உதறிக்கொண்டு ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடினால் இன்னொரு தடவை அவளை அவர்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஆகும்.

அதற்குள் அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெள்ளைத் தூள்.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. நல்ல வாக்கியம்தான். அதைத் தொடங்கினேன். அவள் பாதியிலேயே, "சுத்தி வளைக்காதீங்க, வேலை கெடக்கு" என்றாள்.

அப்புறம் சொன்னேன். எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னேன். "நான் பேப்பர்ல எழுதினது பொய். எங்களுக்குக் குழந்தை இல்லாததுக்குக் காரணம் நான். டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு. அவகிட்ட ஒரு குறையும் இல்ல. எனக்காகத்தான் இத்தனை நாளா அவ பேசாம இருந்தா. நான் பண்ணினது அசிங்கம்."

முதலாளி என் கையை எப்போது விட்டார் என்று தெரியவில்லை. வாடிக்கையாளர் போட்டிருந்த சட்டத்தைக் கழற்றாமலே கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இன்னொரு பெண் பெட்டிக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துவிட்டாள்.

அவள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. விரலில் இருந்த தூளைத் தட்டிவிட்டு, "முடிஞ்சுதா?" என்றாள்.

"ம்" என்றேன்.

"சரி. வழிய விட்டு நில்லுங்க, வெளிய ஆள் நிக்கறாங்க."

திரும்பிப் பார்த்தேன். ஒருவர் உள்ளே வர முடியாமல் கதவுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார். அவருக்கு வழி விட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் வக்கீல் ஆபீசுக்குப் போய் மனுவில் கையெழுத்துப் போட்டேன். விசாரணை அடுத்த மாதம் நான்காம் தேதி.

தம்பி

---

மே 10

தம்பிக்கு,

நீ போனதைப் பற்றி அவள் அன்று மாலையே எனக்குப் போன் செய்தாள். "வந்தாரு, சொன்னாரு, போனாரு" என்றாள். நீ எழுதியது அவள் சொன்னதோடு ஒத்துப்போகிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதற்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அவள் அந்தக் கடையை விட்டுவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. முதலாளி மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதையாம். தேநீர் வந்தால் முதலில் அவளுக்காம். திட்டைக் காட்டச் சொன்னவள் வந்து தோளைத் தொட்டு, "எப்படித்தான் தாங்கினியோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். உன் மனைவி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்ப சிரிச்சாங்க, இப்ப பாவம்ங்கறாங்க அக்கா. ரெண்டும் ஒரே நாத்தம்தான். எனக்கு அங்க மூச்சு முட்டுது."

ஒரு கண் ஆஸ்பத்திரியில் வில்லைப் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. ஜூனில் சேர்கிறாள். எந்த ஊர் என்று நீ கேட்கக்கூடாது, நானும் சொல்லமாட்டேன். அங்கே போகும்போது அரைக்கை ரவிக்கைதான் போடப்போகிறாளாம். தைக்கக் கொடுத்திருக்கிறாள்.

நீ கடையில் போய்ச் சொன்னது சரி. செய்ய வேண்டியது அதுதான். அதற்காக எனக்கு உன் மேல் இருந்தது போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும். பத்திரிகையை ஆய்வகத்துக்குப் போடவேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். தேநீர் நேரத்தில் கை எதையோ தேடுகிறது. தேடுகிறபோதே அந்தச் சொல் ஞாபகம் வந்து வாய் கசக்கிறது. உன் எண்ணைத் தடுத்ததை இன்னும் எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று ஒரு நாள் பார்த்தேன். உன் பெயரைப் பார்த்ததும் அந்தக் கசப்பே வந்தது. தானாகக் குறைகிற வரை நான் ஒன்றும் செய்வதாக இல்லை. கடிதம் எழுது, படிக்கிறேன்.

நான்காம் தேதி கோர்ட்டில் நீதிபதி கேட்பதற்கு மட்டும் பதில் சொல். அவளிடம் போய்ப் பேச்சுக் கொடுக்காதே. நல்லவன் என்று பெயர் வாங்கப் பார்க்காதே. முடிந்ததும் உன் வழியில் போய்விடு.

நானும் வருவேன், லீவு சொல்லியாயிற்று. உன்னைப் பார்த்தால் தலையசைப்பேன். ஆனால் அவள் பக்கத்தில்தான் உட்காருவேன்.

அக்கா